எட்டோஷாவில் காரை ஓட்டுவதைவிட நிறுத்துவது முக்கியம்

ஆப்பிரிக்காவில் மிருகங்களைப் பார்ப்பது என்றதும் நம் ஊரில் எல்லோர் வாயிலும் முதலில் வருவது மசாய் மாரா, அடுத்தது செரெங்கெட்டி. இரண்டும் அருமையான இடங்கள்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே பெரும்பாலும் நடப்பது என்ன? மேல்கூரை திறக்கிற ஜீப், ஒரு டிரைவர், அவர் பக்கத்தில் கரகரவென்று வயர்லெஸ். எங்கேயோ சிறுத்தை தெரிந்தது என்று தகவல் வந்தால் எல்லா ஜீப்பும் அங்கே பறக்கும். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் அது ஒத்துவராது என்று தோன்றியது. அதனால் நமீபியாவின் வடக்கே இருக்கும் எட்டோஷா தேசியப் பூங்காவைத் தேர்ந்தெடுத்தோம். அங்கே வாடகைக் காரை நாமே ஓட்டிப் போகலாம். எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்பதெல்லாம் நம் இஷ்டம். நாங்கள் இரண்டு பேர், கூட ஆறாம் வகுப்பு படிக்கிற மகன்.

எட்டோஷாவின் நடுவில் ஒரு பிரமாண்டமான உப்புப் படுகை இருக்கிறது. ஏறத்தாழ 4,800 சதுர கிலோமீட்டர். பூங்காவின் மொத்தப் பரப்பே 22,000 சொச்சம்தான், அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த வெள்ளைத் தரை. எப்போதோ குனேனே ஆறு இங்கே வந்து பாய்ந்து ஏரியாக இருந்ததாகவும், ஆறு திசைமாறி அட்லாண்டிக் பக்கம் போய்விட்டதால் வற்றிப்போனதாகவும் சொல்கிறார்கள். இப்போது அதில் புல் பூண்டு கிடையாது. மழை நன்றாகப் பெய்த வருடத்தில் மெல்லிசாகத் தண்ணீர் நிற்கும், பூநாரைகள் வரும், பிறகு மறுபடி காய்ந்துவிடும். உள்ளே எட்டோஷா லுக்அவுட் என்று ஓர் இடம் உண்டு. அங்கே சாலை கொஞ்ச தூரம் படுகைக்குள்ளேயே போகிறது. நின்று பார்த்தால் தரையும் வானமும் எங்கே சேர்கின்றன என்றே தெரியாது.

மிருகங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு முக்கியம் படுகையின் தெற்கு விளிம்பு. சுண்ணாம்புக்கல் வழியாக ஊறி வருகிற நிலத்தடி நீர், படுகையின் களிமண்ணைத் தொட்டதும் மேற்கொண்டு போக வழியில்லாமல் வெளியே கசிகிறது. சால்வடோரா, ஓகெர்ஃபோன்டெய்ன் போன்ற ஊற்றுகள் இப்படி வந்தவை. தானாகப் பீறிட்டு வருகிற ஊற்றுகளும் உண்டு, கிழக்கே நமுடோனி முகாம் பக்கத்தில் இருக்கும் சுடோப், க்ளைன் நமுடோனி மாதிரி. இவை போதாது என்று ஆழ்குழாய் போட்டு நிரப்பப்படும் குட்டைகளும் இருக்கின்றன. ஒகாகுவேயோ முகாமுக்குப் பக்கத்தில் உள்ள ஜெம்ஸ்பாக்ஃப்லாக்டெ அப்படிப்பட்டது. பூங்காவின் பிரதான சாலை இந்த விளிம்பை ஒட்டியே போகிறது. ஒவ்வொரு குட்டைக்கும் கிளைச் சாலை பிரியும், முடிகிற இடத்தில் கார் நிறுத்த இடம் இருக்கும். வறண்ட மாதங்களில் காட்டுக்குள் வேறு எங்கும் தண்ணீர் இல்லை. அதனால் அத்தனை உயிரும் ஏதாவது ஒரு குட்டைக்கு வந்துதான் தீரவேண்டும். இதை முழுசாக நம்பினால் எட்டோஷா கைகூடும். நம்பாமல் குட்டைக்குக் குட்டை ஓடிக்கொண்டிருந்தால் தூசிதான் மிச்சம்.

போகவேண்டிய காலம் ஜூனிலிருந்து அக்டோபர் வரை. ஜூன், ஜூலையில் பகல் இதமாக இருக்கும், ஆனால் விடியற்காலையில் பல் தந்தியடிக்கும். ஆப்பிரிக்காதானே, வெயில்தான் இருக்கும் என்று ஸ்வெட்டர் இல்லாமல் வந்து கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தோம். செப்டம்பர், அக்டோபரில் வெயில் கொளுத்தும், குட்டைகளில் கூட்டமும் அதிகமாகும். என்னைக் கேட்டால் செப்டம்பர் என்பேன். மழைக்காலத்தில், அதாவது நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை, எல்லாம் பச்சைப்பசேல் என்று இருக்கும், குட்டிகள் பிறக்கும், பறவைகள் ஏராளம். ஆனால் எல்லா இடத்திலும் தண்ணீர் கிடைப்பதால் பெரிய மிருகங்கள் சிதறிப்போய்விடும்.

தலைநகர் விண்ட்ஹோக்கிலிருந்து பூங்காவுக்குள் இருக்கும் ஒகாகுவேயோ முகாம் வரை 430 கிலோமீட்டர் போல வரும். ஒட்ஜிவரோங்கோ, ஊட்ஜோ வழியாக. வழி முழுக்கத் தார்ச்சாலை. நம்மைப் போலவே அங்கும் வண்டிகள் இடதுபக்கம் போவதால் பயமில்லை. நம் ஊர் லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்துக்கொண்டோம். இருட்டுவதற்குள் சேர்ந்துவிடும்படி கிளம்புங்கள். இருட்டிய பிறகு கூடூ மான்களும் காட்டுப்பன்றிகளும் எங்கிருந்து குறுக்கே பாயும் என்று சொல்ல முடியாது. கூடூ ஒரு எருமைக்கன்று எடை இருக்காது என்று நினைத்துவிடாதீர்கள். ஆண் கூடூ 200 கிலோவைத் தாண்டும், மோதினால் கண்ணாடி வழியாக மடிமேல் வந்து விழும். தவிர, பல வாடகை ஒப்பந்தங்களில் இரவில் ஓட்டும்போது நடக்கும் விபத்துக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது.

பூங்காவுக்குள் சரளைச் சாலை. வேகம் மணிக்கு 60-க்கு மேல் கூடாது, ஆனால் அந்த வேகத்தில் போனாலே ஒன்றும் கண்ணில் படாது. சாதாரண காரே போதும் என்று சொல்பவர்கள் உண்டு, பொய்யில்லை. ஆனாலும் கொஞ்சம் உயரமான வண்டி நல்லது. உட்காருகிற உயரம் ஓர் அடி கூடினால் புல்லுக்குள் படுத்திருக்கும் சிங்கத்தின் காது தெரியும்.

வண்டி எடுக்கும்போது ஸ்டெப்னி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. ஜாக்கி, அதைச் சுற்றும் கைப்பிடி, வீல் ஸ்பேனர் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, அங்கேயே ஒருமுறை வண்டியைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். எங்களுக்கு ஹலாலி முகாம் பக்கம் பின்டயர் பஞ்சரானபோது, கொடுத்தனுப்பிய ஜாக்கி அந்த வண்டிக்கே பொருந்தவில்லை. பூங்காவுக்குள் முகாம்களையும் வேலி போட்ட கழிப்பிடங்களையும் தவிர வேறெங்கும் காரைவிட்டு இறங்கக்கூடாது. ஆனால் டயர் மாற்ற இறங்காமல் முடியுமா? எதிரே வண்டி வரும்வரை கதவைத் திறக்காமல் காத்திருந்தோம். ஒரு வயதான தம்பதி வந்தார்கள். அந்தப் பெரியவர் தன் வண்டியைப் புதர்ப்பக்கமாக எங்களுக்குக் குறுக்கே தடுப்புப் போல நிறுத்தினார். அந்த அம்மா வண்டிக்குள் இருந்தபடியே தொலைநோக்கியால் நாலு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய ஜாக்கியை வைத்து வேலை முடிந்தது. இந்த ஒழுங்கு நினைவில் இருக்கட்டும்: இன்னொரு வண்டி வரட்டும், ஒருவர் காவல் பார்க்கட்டும், அப்புறம் ஒருவர் மட்டும் இறங்கட்டும்.

தங்குவது உள்ளேயா வெளியேயா என்பது பெரிய கேள்வி. வெளியே தனியார் விடுதிகளில் வசதி அதிகம், சாப்பாடும் நன்றாக இருக்கும். உள்ளே அரசு நிறுவனமான நமீபியா வைல்ட்லைஃப் ரிசார்ட்ஸ் நடத்தும் முகாம்கள். ஒகாகுவேயோ, ஹலாலி, நமுடோனி ஆகிய மூன்றும் பழையவை, ஒன்றுக்கொன்று 70, 75 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. குழாய் ஒழுகும், சில நாள் பெட்ரோல் பங்கில் சரக்கு இருக்காது. இருந்தாலும் உள்ளேயே தங்குங்கள். பூங்காவின் வெளிவாசல்களும் முகாம் வாசல்களும் சூரிய உதயத்துக்குத் திறந்து அஸ்தமனத்துக்கு மூடுகிற கணக்கு. வெளியே தங்கினால் சூரியன் மறைந்ததும் ஆட்டம் முடிந்தது. உள்ளே தங்கினால் முகாமை ஒட்டியே விளக்குப் போட்ட குட்டை இருக்கிறது, ராத்திரி முழுக்க உட்காரலாம். ஒகாகுவேயோவில் இடம் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். தேதி முடிவானதும் விமான டிக்கெட்டுக்கு முன்னால் அறையைப் பாருங்கள்.

குட்டையில் உட்காருவது என்றால் சும்மா உட்காருவதில்லை. ஹலாலிக்கு மேற்கே ரீட்ஃபோன்டெய்ன் என்று ஒரு பெரிய ஊற்று. தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலிலிருந்து அங்கோலா பக்கம் மாட்டுவண்டிகளில் குடிபெயர்ந்த, டச்சு வழிவந்த போயர் மக்களில் ஒரு பெண்மணி 1876-ல் இங்கே இறந்து, கல்லறை இன்னும் இருக்கிறது. நாங்கள் போனபோது காலை ஒன்பது மணி இருக்கும். தண்ணீரில் ஒன்றுமே இல்லை. எதிர்க்கரையில் வரிக்குதிரைகள் ஒரு பெரும் கூட்டமாக நின்றிருந்தன. வண்டிகள் வரும், ஐந்து நிமிடம் நிற்கும், நாலு படம் எடுத்துக்கொண்டு போய்விடும். வீட்டுக்காரரும் சாவியில் கை வைத்தார்.

"அம்மா, அதுங்க ஏன் தண்ணி குடிக்காம நிக்குது?" என்றான் மகன்.

நல்ல கேள்வி. அவ்வளவு தூரம் நடந்து தாகத்தோடு வந்தவை குடிக்காமல் நிற்கின்றன என்றால் அவற்றுக்கு ஏதோ தெரியும். முன்னால் நின்ற ஒன்று நாலு அடி எடுத்து வைக்கும், திடுக்கென்று திரும்பும், மொத்தக் கூட்டமும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடும், மறுபடி வந்து நிற்கும். எல்லாத் தலையும் ஒரே பக்கம் பார்த்தன. நாங்களும் அந்தப் பக்கம் தொலைநோக்கியைத் திருப்பிப் புதர் புதராகத் தேடினோம். வெகுநேரம் கழித்து ஒரு மரநிழலில் வால்முனைக் கறுப்புக் குஞ்சம் ஒருமுறை அசைந்தது. பெண் சிங்கம். ஒன்று தெரிந்த பிறகு பக்கத்தில் படுத்திருந்த மற்றவையும் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. வேட்டை எதுவும் நடக்கவில்லை. வெயில் ஏறியதும் அவை எழுந்து சோம்பல் முறித்து, வரிசையாக வந்து தண்ணீர் குடித்துவிட்டு மரங்களுக்குள் போய்விட்டன. அதற்குள் வந்துபோன வண்டிகளில் இருந்தவர்களுக்கு அங்கே சிங்கம் இருந்ததே தெரியாது.

அதற்குப் பிறகு எங்கள் பார்வையே மாறிவிட்டது. குடிப்பவற்றைவிடக் குடிக்காதவற்றைப் பார்க்கப் பழகினோம். ஒட்டகச்சிவிங்கி ஒரே திசையை வெறித்துக்கொண்டு நின்றால் அந்தத் திசையில் ஏதோ இருக்கிறது. தண்ணீர் குடிக்க அது முன்கால்களை அகட்டி வைத்துக் குனியவேண்டும், அந்த நிலையில் சட்டென்று ஓட முடியாது. அதனால்தான் அவ்வளவு நேரம் சந்தேகத்தோடு நிற்கிறது. ஸ்பிரிங்பாக் மான்கள் அமைதியாக மேய்ந்தால் பயமில்லை என்று பொருள். மைனா, கௌதாரி எல்லாம் திடீரென்று கிளம்பினால் மேலே பருந்தைத் தேடுங்கள்.

முகாம் அலுவலகத்தில், எங்கே எதைப் பார்த்தோம் என்று பயணிகள் எழுதி வைக்கும் நோட்டு ஒன்று இருக்கும். முந்தைய நாள் சாயங்காலம் சிங்கம் இரை அடித்த இடத்தை அதில் பார்த்துவிட்டால், காலையில் முதல் வேலையாக அங்கே போவது வீண்போகாது. பெரிய இரையாக இருந்தால் அவை சீக்கிரம் நகராது. சிறுத்தைக்கு அந்த நோட்டு உதவாது, அது அடுத்த நாள் எங்கே இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

எந்த நேரத்தில் எது வரும் என்பதற்கும் ஒரு பொதுக்கணக்கு இருக்கிறது. விடிந்ததும் சிங்கம், கழுதைப்புலி, குள்ளநரி. காலை வெயில் ஏற ஏற வரிக்குதிரை, வில்டிபீஸ்ட், ஓரிக்ஸ் போன்ற பெரிய மான் வகைகள். நடுப்பகலுக்கு மேல் யானை. மற்ற பூங்காக்களில் நடுப்பகலில் தூங்கப் போகலாம், எட்டோஷாவில் செப்டம்பர் மாதத்து நடுப்பகலைத் தவறவிடக் கூடாது. ஒகாகுவேயோவிலிருந்து கொஞ்ச தூரத்தில் நெப்ரவ்னி என்று சின்னக் குட்டை. பார்த்தால் தொட்டி மாதிரிதான் இருக்கும். அங்கே மத்தியான வெயிலில் யானைகள் வெள்ளைச் சேற்றை வாரிப் பூசிக்கொண்டு நிற்கும்போது சாம்பல் நிறமே தெரியாது. ஆளுயரத்தைப் போல இரண்டு மடங்கு, ஆனால் தந்தம் மட்டும் குட்டையாக, முனை முறிந்து இருக்கும். இந்த மண்ணில் சில தாதுக்கள் குறைவு, அதனால் தந்தம் எளிதில் உடைகிறது என்கிறார்கள்.

யானை விஷயத்தில் நமக்கு ஒரு சாதகம் இருக்கிறது. மதம் பிடித்த யானையின் கன்னத்தில் வழிகிற நீர் என்றால் என்ன என்று நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அங்கும் அதேதான்: ஆண் யானையின் கன்னத்தில் ஈரக்கோடு, பின்கால்கள் நனைந்திருக்கின்றன என்றால் நெருங்காதீர்கள். சாலையில் எதிரே வந்தால் ஹாரன் அடிக்கக் கூடாது, விளக்கைப் போடக் கூடாது. மெதுவாகப் பின்னால் போய் வழிவிடுங்கள். அதற்குத் தயாராக, எந்தக் குட்டையிலும் வண்டியைத் திருப்பி, வெளியேறுகிற பக்கம் முகம் இருக்கும்படி நிறுத்துவது நல்ல பழக்கம். கூட்டமாக வரும்போது தாய்க்கும் குட்டிக்கும் நடுவே வண்டி போகவே கூடாது.

ராத்திரிக் குட்டையைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஒகாகுவேயோவில் தாழ்வான சுவர், அதன் பின்னால் பெஞ்சுகள், எதிரே மஞ்சள் வெளிச்சத்தில் தண்ணீர். பேச்சுச் சத்தம் கூடாது என்று பலகை இருக்கிறது, பெரும்பாலோர் மதிக்கிறார்கள். இருட்டியதும் முதலில் கல்கௌதாரிகள் கீச்சுகீச்சென்று கூட்டமாக வந்து இறங்கின. இந்தக் குடும்பத்துப் பறவைகளில் ஆண் வயிற்று இறகுகளைத் தண்ணீரில் நனைத்து, வெகுதூரத்தில் இருக்கும் குஞ்சுகளுக்குக் கொண்டுபோய்க் குடிக்கக் கொடுக்கும். அதற்குப் பிறகு வந்தது கறுப்பு காண்டாமிருகம். உலகில் மிச்சமிருக்கும் கறுப்பு காண்டாமிருகங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நமீபியாவில்தான். தனிமை விரும்பி, முரடு என்றெல்லாம் படித்துவிட்டுப் போயிருந்தேன். இங்கே ஒன்றுக்கு மேல் ஒன்றாக வந்து, மூக்கோடு மூக்கு உரசி, புஸ்ஸென்று மூச்சுவிட்டு ஏதோ குடும்பப் பஞ்சாயத்து நடத்துகின்றன. குட்டியோடு வந்த தாய் ஒன்று, தன்னைவிடப் பெரிய ஆணைத் துரத்தியடித்தது. யானைக் கூட்டம் வந்ததும் எல்லாக் காண்டாமிருகமும் மரியாதையாக ஓரம் ஒதுங்கின. வாசல்கள் மூடிய பிறகு, சாப்பாடு முடித்து, ஜாக்கெட், போர்வை, ஃபிளாஸ்கில் சூடாக ஏதாவது, பெஞ்சில் போட ஒரு தலையணை என்று எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். பத்து மணிக்கு மேல் கூட்டம் கலைந்துவிடும், நல்ல காட்சிகள் அதற்கப்புறம்தான்.

பல காண்டாமிருகங்களுக்குக் கொம்பு இருக்காது. திருட்டு வேட்டைக்குப் பயந்து அதிகாரிகளே மயக்க ஊசி போட்டு வெட்டிவிடுகிறார்கள். 1989-லேயே நமீபியா இதைத் தொடங்கிவிட்டது. நகம் மாதிரி மறுபடி வளரும் என்பதால் திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். காண்டாமிருகப் படத்தைப் போடும்போது இடத்தையும் நேரத்தையும் சேர்த்துப் போடாதீர்கள், செல்போனில் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுங்கள். நாம் பெருமைக்குப் போடுகிற படம் வேட்டைக்காரனுக்கு வழிகாட்டி.

ஹலாலி முகாமின் குட்டைக்கு மொரிங்கா என்று பெயர். காரணம் அங்கே வளரும் மரங்கள், நம் முருங்கையின் ஒன்றுவிட்ட சகோதரர்கள். உப்பிய தண்டு, வெளிறிய பட்டை, உச்சியில் கொஞ்சம் இலை. பார்த்தால் முருங்கை என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள். இதே மரங்கள் கூட்டமாக நிற்கும் காடு ஒன்று ஒகாகுவேயோவுக்கு மேற்கே இருக்கிறது. ஹலாலியில் இன்னொரு பிரபலம் தேன்வளைக்கரடி. ராத்திரி குப்பைத்தொட்டியைக் கவிழ்த்து, மூடி போட்ட பெட்டியைத் திறந்து, அடுப்பங்கரைத் திண்டில் இருப்பதை எடுத்துக்கொண்டு போகும். கொஞ்சமும் பயம் கிடையாது. உணவுப் பெட்டிகளை அறைக்குள்ளோ காருக்குள்ளோ வைத்துப் பூட்டுங்கள்.

கிழக்கே நமுடோனியில் வெள்ளைக்கோட்டை ஒன்று இருக்கிறது. 1904 ஜனவரியில் அரசர் நெஹாலேயின் ஒவாம்போ இன வீரர்கள், அப்போது இந்த நாட்டை ஆண்ட ஜெர்மானியர்களின் பழைய கோட்டையைத் தாக்கினார்கள், உள்ளே இருந்தது ஏழே ஏழு சிப்பாய்கள். இப்போது நிற்பது அதற்குப் பிறகு கட்டியது. பூங்காவின் வடக்கு வாசலுக்கு இன்று அந்த நெஹாலேயின் பெயர்தான். 1907-ல் ஜெர்மன் ஆளுநர் லிண்டெக்விஸ்ட் இந்தப் பகுதியைக் காப்பகமாக அறிவித்தார், அவர் பெயரில் கிழக்கு வாசல். காலனி ஆட்சியும் அதை எதிர்த்தவரும் ஆளுக்கொரு வாசலில் நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் வாசல் பெயரில் இல்லாத ஒரு கூட்டம் இருக்கிறது. ஹைஓம் சான் மக்கள் தலைமுறை தலைமுறையாக இந்தக் குட்டைகளை ஒட்டி வேட்டையாடி வாழ்ந்தவர்கள். காப்பகம் வந்த பிறகும் உள்ளேதான் இருந்தார்கள். 1954-ல் வெளியேறச் சொல்லிவிட்டார்கள். பலர் பண்ணைகளுக்குக் கூலிகளாகப் போனார்கள், சிலர் பூங்காவிலேயே வேலைக்குச் சேர்ந்தார்கள். நாம் மேப்பில் படிக்கிற குட்டைப் பெயர்களில் பலவும் அவர்கள் வைத்தவை. மனிதர் இல்லாத ஆதிகாலத்துக் காடு என்று விளம்பரத்தில் எழுதுகிறார்களே, அதைப் படிக்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

சாப்பாடு. அசைவம் சாப்பிடுபவர்களுக்குக் கொண்டாட்டம், பகலில் படம் எடுத்த ஓரிக்ஸும் கூடூவும் ராத்திரி மெனுவில் இருக்கும். எங்கள் வீட்டில் நான் மட்டும் சைவம், எனக்கு உருளைக்கிழங்கு வறுவலும் சாலட்டும்தான் கிடைத்தன. ஆகவே விண்ட்ஹோக்கிலும் ஊட்ஜோவிலும் அரிசி, தயிர், காய், ரொட்டி வாங்கிக்கொண்டோம். வீட்டிலிருந்து புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் வந்திருந்தன. சின்ன எலெக்ட்ரிக் குக்கர் ஒன்று கொண்டுபோனது பெரிய உதவி. நம் வீட்டில் கீஸருக்குப் போடுகிற 15 ஆம்பியர் பெரிய மூன்று முள் பிளக் அங்கே அப்படியே பொருந்துகிறது. முகாம் கடைகளை நம்பாதீர்கள், ஒருநாள் எல்லாம் இருக்கும், மறுநாள் பிஸ்கட் மட்டும் இருக்கும். வண்டியில் குடிதண்ணீர் தாராளமாக வேண்டும். தென்னாப்பிரிக்க ராண்டும் நமீபிய டாலரும் ஒரே மதிப்பு, ராண்டை எல்லோரும் வாங்கிக்கொள்கிறார்கள்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்கிறார்கள். நாள் முழுக்கக் காருக்குள் அடைந்து கிடக்க முடியாத சின்னக் குழந்தை என்றால் இன்னும் கொஞ்சம் வளரட்டும். பெரியவர்கள் என்றால் வேலை கொடுங்கள். ஒரு தொலைநோக்கியை ஆளுக்கு ஆள் மாற்றிக்கொண்டிருந்தால் சண்டைதான் வரும், மகனுக்குத் தனியாக ஒன்று வாங்கினோம். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும் 8×42 அளவு போதும், கை நடுங்காது. எந்தக் குட்டையில் எத்தனை மணிக்கு என்ன வந்தது என்று நோட்டில் எழுதுவது அவன் பொறுப்பு. கோரி பஸ்டர்டைப் பார்த்துவிட்டுக் கானமயில் என்று கத்தினான். பறக்கும் பறவைகளிலேயே மிக எடையானவற்றில் ஒன்று, நம் கானமயிலுக்கு நெருங்கிய சொந்தம். இங்கே அது ஏறக்குறைய காணாமல் போய்விட்டது, அங்கே சாலையோரத்தில் அலட்சியமாக நடந்து போகிறது.

கேமரா பற்றி ஒரே ஒரு யோசனை. ஸ்டாண்டு காருக்குள் உதவாது. ஒரு துணிப்பையில் அரிசியோ பயறோ நிரப்பிக் கட்டி, ஜன்னல் விளிம்பில் வைத்து அதன்மேல் லென்ஸை வையுங்கள். அரிசியை அங்கேயே வாங்கலாம், கடைசி நாள் வடித்துவிடலாம். வெள்ளைப் புழுதி எல்லா இடுக்கிலும் புகும், உபயோகிக்காதபோது தலையணை உறையில் போட்டு மூடுங்கள்.

திரும்பும்போது கவனிக்கவேண்டிய ஒன்று: நமீபியாவில் கோமாரி நோயைத் தடுக்க நாட்டின் குறுக்கே கால்நடை வேலி இருக்கிறது, எட்டோஷாவின் வடக்கு எல்லையும் அதில் சேர்த்தி. அதனால் தெற்கே போகிற வண்டிகளை நிறுத்திச் சமைக்காத இறைச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், இருந்தால் எடுத்துக்கொள்வார்கள். பூங்காக் கட்டணம் கட்டிய ரசீதையும் வாசலில் கேட்பார்கள், தொலைக்காதீர்கள்.

அப்புறம் மஞ்சள் காய்ச்சல் ஊசி. நமீபியாவில் அந்த நோய் இல்லை. ஆனால் இங்கிருந்து போகிற விமானங்கள் பலவும் எத்தியோப்பியா, கென்யா மாதிரி நோய் அபாயம் உள்ள நாடுகள் வழியாகத்தான் போகின்றன. அந்த வழியில் ஊசி போட்ட சான்றிதழ் இல்லாமல் இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. விமான நிலையத்தைவிட்டு வெளியே வராதவர்களுக்கு விலக்கு உண்டு என்றாலும் அது சுகாதார அதிகாரி ஒத்துக்கொண்டால்தான். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் ஊசி போடுகிறார்கள், போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், அதன்பின் ஆயுசுக்கும் போதும். கடைசி வாரத்தில் ஓடினால் பலனில்லை. வடக்கு நமீபியாவில், குறிப்பாக மழை மாதங்களில், மலேரியாவும் உண்டு. அதற்கான மாத்திரை தேவையா என்பதையும் உங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.